ஹோம் டிப்போ நிறுவனர் குறித்த பதிவுக்கு ஒரு திருத்தம்

ஐயா, அமெரிக்காவின் வீட்டுச் சீரமைப்புப் பொருள் அங்காடித் தொடரான ஹோம் டிப்போவை நிறுவிய பெர்னி மார்கஸைப் பற்றி, நம் சுங்கை சிப்புட் இளைஞர்களுக்கு ஊக்கமூட்டவே எழுதியிருக்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் 'வேலை பறிபோன ஒரு மருந்தாளர், கையில் காசின்றித் தனியாளாக ஒரே கடையில் தொடங்கினார்' என்பது சரியன்று. பெர்னி மார்கஸ் மருந்தியல் படித்தவர்தாம்; எனினும் 1978இல் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, அவர் ஹேண்டி டேன் என்னும் வீட்டுச் சீரமைப்புப் பொருள் அங்காடித் தொடரின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவருடன் நீக்கப்பட்ட ஆர்தர் பிளாங்க், அதே நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளர். இருவரும் சேர்ந்தே ஹோம் டிப்போவை நிறுவினர். முதலீட்டைத் திரட்டித் தந்தவர் கென் லாங்கோன்.

1979 ஜூனில் அட்லாண்டாவில் ஒரே நாளில் திறக்கப்பட்டவை இரண்டு கடைகள்; அவையும் நம் தோட்டத்து முனையில் ஆணியும் மண்வெட்டியும் கடன் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கும் ஹார்ட்வேர் கடை போன்றவை அல்ல, கிடங்கு அளவிலான பேரங்காடிகள். தட்டுகள் நிறைந்து தோன்ற வெற்றுப் பெட்டிகளை அடுக்கியதாகச் சொல்லப்படுவது மட்டும் உண்மை. (பணத் தட்டுப்பாடு இருந்ததை நான் மறுக்கவில்லை.) 2024 நவம்பரில் தம் 95ஆம் வயதில் மார்கஸ் மறைந்துவிட்டதால், 'இன்றும் கடையை நடத்துகிறார்' என்ற வரியையும் நீக்கிவிடுங்கள்.