பரணில் இருக்கும் நோட்டுகளை உடனே இறக்குங்கள்

மன்னார்குடியில் ஆசிரியையாக இருந்து மறைந்த பாட்டியின் பாடக்குறிப்பு நோட்டுகள் பரணில் கிடப்பதாகப் பேத்தி எழுதியிருக்கிறார். அம்மா, ஐப்பசி மழைக்கு முன் இறக்கிவிடுங்கள். டெல்டா ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் தாள்கள் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது எழுத்தும் உரிந்து வரும். வெயிலில் காயவைக்காதீர்கள், மை வெளிறும். நிழலில் மின்விசிறிக் காற்றே போதும். துருப்பிடித்த குண்டூசிகளை நீக்குங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. பக்கங்களை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்னும் தெளிவு அளவு), புகைப்படங்களை 600-இல் ஸ்கேன் செய்யுங்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வைப்பதுபோல வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து பெட்டியில் வையுங்கள். வாசனை போனதும் மாற்றுங்கள். வகுப்புப் படங்களின் பின்னால் பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள்; பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும். பாட்டியிடம் படித்தவர்கள் ஊரில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.