ஆடை காரணம் அல்ல

மும்பையின் சயான் ரயில் நிலையத்திலிருந்து தாராவிக்கு இரவில் நடந்து வரும் பெண்கள் ஜீன்ஸைத் தவிர்த்தால் போதும், எவனும் தாக்கமாட்டான் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. வேலை முடிந்து வருபவர்கள்மீதே அது பழியைச் சுமத்துகிறது. 1981இல் வெளியான ஓர் ஆய்வில் கிரேசன், ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள், நியூயார்க் தெருவில் நடப்போரின் காணொளிகளைத் தாக்குதல் குற்றத்துக்காகச் சிறையிலிருந்தவர்களிடம் காட்டியபோது, எளிதில் தாக்கலாம் என்று அவர்கள் குறித்தவர்களை வேறுபடுத்திக் காட்டியது உடலசைவும் நடையுமே. அதுவும் அந்நியர்கள் தாக்குவதைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் உறவினரோ, அண்டை வீட்டாரோ, நண்பரோ, ஏதோ ஒரு வகையில் முன்பே அறிமுகமானவர். எனவே தெரிந்த ஒருவர் எல்லை மீறுவதாக ஒரு பெண் சொன்னால், அவளுடைய உடையைப் பற்றிக் கேட்காமல் முதலில் அவளை நம்புங்கள். அவசரத்துக்கு 112ஐ அழைக்கலாம். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்தே ஆகவேண்டும்.