கஃப்லிங்க் இருக்கிறது, சேர்ட் எங்கே?

சதுரங்கக் குதிரை, கிரிக்கெட் மட்டை, குட்டிக் கமரா என்று என் பொழுதுபோக்கெல்லாம் கஃப்லிங்காக, அதாவது சேர்ட்டின் மணிக்கட்டில் பொத்தானுக்குப் பதிலாக மாட்டும் அணியாக, அலமாரியில் கிடக்கின்றன. போடச் சேர்ட்தான் இல்லை. உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்பும் நாடு இது! கொழும்பில் வெள்ளவத்தை முதல் புறக்கோட்டை வரை கடை கடையாக ஏறி இறங்கினாலும் மணிக்கட்டில் பொத்தான் வைத்த சேர்ட்டைத்தான் நீட்டுகிறார்கள். எனக்கு வேண்டியது சேர்ட்டின் கைநுனியை மடித்துப் போடும் இரட்டைக் கஃப். ஒரு கைக்கு நாலு துளை, பொத்தானே கூடாது. தையல்காரருக்குப் படம் கீறிக் காட்டினேன். துளையும் வெட்டி, பொத்தானும் தைத்துத் தந்தார், "அது விழுந்தா இது உதவும் தம்பி" என்று. சரி, பிரித்தெடுத்துப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனால், கொழும்பு வெக்கைக்கு எல்லாரும் முழங்கை வரை கையைச் சுருட்டி விட்டிருக்கிறார்கள். என் குதிரையைக் கவனித்தது பெரியம்மா மட்டும்தான். "என்னடா, பொத்தான் கழண்டு தொங்குது?"