599 ரூபா பாட்டிலும் சீயக்காய் மில்லும்

நாலு மாசமா எங்க வீட்டு பாத்ரூம் ஏதோ லேப் மாதிரி கிடக்கு, எல்லாரும் திட்டி முடிச்சாச்சு, அதனால எழுதிடறேன். ஆன்லைன்ல ஒரு ஷாம்பு வாங்குனேன், 200 மில்லி 599 ரூபா, பாட்டில் முழுக்க இலை படம், ஆர்கானிக், வீகன், கெமிக்கல் ஃப்ரீன்னு ஒரே அலப்பறை. தண்ணியே கெமிக்கல்தான், அத விடுங்க. பின்னாடி திருப்பிப் பாத்தா முதல் பேரே தண்ணி. எது அதிகமோ அதத்தான் முதல்ல போடுவாங்க, செம்பருத்தி சாறு கடைசில வாசனைக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது.

வீகன்னா பால், தேன் இல்லாததுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிஞ்சுச்சு, விலங்கு, பூச்சின்னு எதுல இருந்தும் எடுத்த எதுவுமே இருக்கக் கூடாதாம். லானோலின் செம்மறி ஆட்டு ரோமத்துல இருந்து வர்ற மெழுகாம், கார்மைன் சிவப்பு ஒரு பூச்சிய நசுக்கி எடுக்கறதாம், சோப்பு கவர்ல சோடியம் டாலோவேட்னு இருந்தா அது மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ. அப்புறம் விலங்குகள்ட்ட சோதிக்கலன்னு காட்ட பாட்டில்ல போடற அந்த முயல் படம். காஸ்மெடிக்ஸ விலங்குகள்ட்ட சோதிக்கறத நம்ம நாட்ல 2014லயே தடை பண்ணிட்டாங்க, அதுக்கப்புறமும் முயல காட்டி கூட காசு வாங்கறது என்ன கணக்கோ.

கடைசில மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்து கடைக்குப் போயி சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம், பச்சப்பயறு, காஞ்ச செம்பருத்தின்னு வாங்கி வெயில்ல போட்டு, மில்லுக்குத் தூக்கிட்டுப் போனா "மாவு மெஷின்ல போட மாட்டோம், அதுக்கு தனி மெஷின், சனிக்கிழமை வாங்க"ன்னுட்டாங்க. சனிக்கிழமை போயி தும்மித் தும்மி அரைச்சு, ஞாயித்துக்கிழமை வடிச்ச கஞ்சியில கரைச்சுத் தேச்சேன். நுரை பெருசா வராது, கண்ணுல பட்டா உயிரே போகும், பாத்ரூம்ல தண்ணி போற ஜாலில சக்கை அடைச்சு மதினி முறைச்சாங்க. ஆனா முடி சத்தியமா நல்லாருக்கு, ஷாம்பு மாதிரி வறவறன்னு ஆகல.

மூஞ்சி கதை வேற. கஸ்தூரி மஞ்சள்னு வாங்குனது நல்ல மஞ்சக் கலர்ல இருந்துச்சு, அசல் வெளிறுன கலராத்தான் இருக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. அதுல எலுமிச்ச சாற வேற புழிஞ்சு பூசி, ஒரு வாரம் கன்னம் செவந்து எரிச்சல், டாக்டருக்கு குடுத்த பீஸ்ல ரெண்டு ஷாம்பு வாங்கிருக்கலாம். இயற்கைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு இனிமே யாரும் எங்கிட்ட வராதீங்க, சேங்கொட்டையும் இயற்கைதான், அந்தக் கொட்டையோட பால் பட்டா தோலு கொப்புளிச்சுரும்.

செலவு கம்மிங்கறது உண்மைதான், ஆனா காயப்போட்டது, மில்லு வாசல்ல நின்னது, பாத்ரூம் கழுவுனதுன்னு என்னோட ரெண்டு நாள் போச்சே, அத எந்த வீட்ல கணக்குல சேக்கறாங்க? எங்க பாட்டி காலத்துல எல்லாம் இப்படித்தான்னு சொல்ற ஆம்பளைங்க யாரும் சீயக்காய் மில்லுக்கு வந்து நான் பாக்கல.

இப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் சீயக்காய், மத்த நாளு அவசரத்துக்கு சாஷே ஷாம்பு, மூஞ்சிக்கு வெறும் பயத்தமாவு. அந்த 599 ரூபா பாட்டில்ல பாத்திரம் வெளக்குற லிக்விட் ஊத்தி வச்சிருக்கேன், பம்ப் மட்டும் சூப்பரா வேலை செய்யுது.