அந்தப் பக்கம் கொஞ்சம் காட்டுங்க

சுற்றுலா லைவ் போடுகிறவரை நம்பலாமா என்று முடிவு செய்ய நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். யாராவது "அந்தப் பக்கம் கொஞ்சம் காட்டுங்க" என்று கமெண்ட் போட்டால் கேமரா திரும்புகிறதா, இல்லையா?

லைவ் என்றாலே உண்மை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வைட் லென்ஸ் போட்டால் குறுகலான அறைகூட மண்டபம் போலத் தெரியும். சங்கடமான கேள்வியை, கமெண்டுகளைக் கவனிக்கும் மாடரேட்டர் சத்தமில்லாமல் நீக்கிவிடுவார். பழைய வீடியோவை லைவ் என்று ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் எதையாவது காட்டச் சொன்னால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அண்மையில் ஒரு கடற்கரை விடுதியின் லைவ் பார்த்தேன். அறையிலிருந்து கடல் தெரியுமா என்று ஒருவர் கேட்டார். லைவில் இருந்த பெண் பால்கனிக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக எக்கினார். "இப்படி எட்டிப் பார்த்தாதான் தெரியுது. நேரா நின்னா பக்கத்துக் கட்டடம்தான்" என்றார். அதுவரை வெறும் ஹார்ட்டாக வந்துகொண்டிருந்த இடத்தில் கேள்விகள் வரத் தொடங்கின. லிஃப்ட் இருக்கிறதா? ராத்திரி சத்தம் எப்படி? வயதானவர்களைக் கூட்டி வரலாமா? பார்ப்பவர்களின் ஈடுபாடு என்று நான் சொல்வது இதைத்தான். ஆயிரம் ஹார்ட் வந்தாலும், போய்த் தங்க நினைக்கிறவர் கேட்கும் இப்படி ஒரு கேள்விக்கு ஈடாகாது.

2020 ஏப்ரலில், கொரோனாவால் பயணங்கள் நின்றிருந்தபோது, வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளின் சுற்றுலா அமைப்பு, கேட்டதைக் காட்டும் இந்த வழக்கத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. உள்ளூர்க்காரர் ஒருவர் தலையில் கேமராவுடன் நடக்க, வீட்டில் இருந்தவர்கள் திரையில் பொத்தானை அழுத்தி அவரைத் திருப்பினார்கள், ஓடவும் குதிக்கவும் வைத்தார்கள். எங்கே பார்ப்பது என்பதைப் பார்ப்பவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம், பண விஷயம். விடுதி இலவசமாகத் தங்க வைத்திருந்தால் ஆரம்பத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. லைவுக்குப் பல பேர் நடுவில்தான் வருகிறார்கள். அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி, இன்ஃப்ளூயன்சர்களுக்காக 2019-இல் வெளியிட்ட கையேட்டிலேயே லைவ் ஸ்ட்ரீமில் இதை அவ்வப்போது திரும்பச் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சொன்னால் மதிப்பு குறைந்துவிடும் என்று லைவ் போடுகிறவர்கள் சிலர் பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ, சொல்கிறவரை இன்னும் கொஞ்சம் நம்பத்தான் தோன்றுகிறது.

லைவ் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிந்ததும் பதிவை நீக்காதீர்கள், கமெண்டையும் மூடாதீர்கள். அதைப் பார்த்துவிட்டு அங்கே போய்த் தங்கியவர்கள், நீங்கள் காட்டியதும் அவர்கள் கண்டதும் ஒன்றுதானா என்று வந்து எழுத ஓர் இடம் வேண்டும்.