ஆள் இல்லாத அறையையும் தட்டித்தான் திறக்க வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு கம்பத்துக்கு இறங்கி ஒரு பேய்ப்படம் பார்த்தேன். இடுக்கி மலையில் ஒரு பழைய ஹோட்டல். சென்னையிலிருந்து ஏழு பேர் தங்க வருகிறார்கள், ராத்திரிக்கு ஒருவராகச் சாகிறார்கள். சின்ன பட்ஜெட், தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இன்னும் நாலைந்து நாள் ஓடினாலே பெரிது, அதில் உழைத்தவர்களின் பிழைப்பில் நான் மண்ணைப் போட வேண்டாம். ஆனால் ராத்திரி பஸ் லோயர்கேம்ப் தாண்டி மலையேறும்போதும் மனசு ஆறவே இல்லை. நான் இடுக்கியில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குமுளியில் பிறந்தவன். 2011-லிருந்து 2020 வரை இங்கே ஒரு லாட்ஜில் நைட் ரிசப்ஷனில் இருந்தவன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு லாட்ஜ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் உறுத்தியது ஒரு சின்ன விஷயம். கதாநாயகி ரிசப்ஷன் மேஜையில் கிடக்கும் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டுகிறாள். இந்த ஹோட்டலில் யார் யார் தங்கியிருந்தார்கள் என்று தேடுகிறாளாம். கேமரா அவள் தோளுக்கு மேலிருந்து பார்க்கிறது. பக்கமெல்லாம் வெறும் வெள்ளை. ஒரு பெயர் இல்லை, ஒரு கையெழுத்து இல்லை. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு அதற்கு மேல் படத்தில் மனசு போகவில்லை.

லாட்ஜ் ரிஜிஸ்டரில் பெயர், ஊர், எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார், எத்தனை பேர், வந்த நோக்கம், நேரம், கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருக்கும். வெளிநாட்டுக்காரர் என்றால் அவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஃபாரம் சி என்ற படிவத்தில் தனியாக அனுப்ப வேண்டியிருந்தது. வந்த நோக்கம் என்ற கட்டத்தில் பெரும்பாலானவர்கள் டூர் என்று எழுதுவார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை. ஆனால் சிலர் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பார்கள், அப்புறம் ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் தனியாக வந்திருந்தால் நாங்கள் ராத்திரி முழுக்க அந்த ரூம்மேல் ஒரு கண் வைத்திருப்போம். பத்து மணிக்கு இன்டர்காமில் கூப்பிட்டு, சுடுதண்ணீர் வருகிறதா சார், சாப்பாடு ஏதாவது சொல்லட்டுமா என்று கேட்போம். குரல் வந்தால் போதும். லாட்ஜில் வேலை பார்க்கிறவனுக்கு உண்மையான பயம் ஒன்றே ஒன்றுதான். காலையில் எத்தனை தடவை தட்டியும் திறக்காத கதவு.

2009 செப்டம்பர் 30 சாயங்காலம் எங்கள் ஊரை ஒட்டிய தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நான் அப்போது வேலைக்குச் சேரவில்லை. சாவி திரும்பி வராத ரூம் என்றால் என்னவென்று இந்த ஊருக்கு அன்றைக்குத் தெரிந்தது. அதனால்தான் வெள்ளையாகக் கிடந்த அந்த ரிஜிஸ்டர் என்னை அவ்வளவு உறுத்தியது. லாட்ஜில் பேய் என்று ஒன்று இருந்தால் அது அங்கே வந்து தங்கிய ஒருவர்தானே. அவருக்கு ஒரு பெயர், ஒரு ஊர் இருந்திருக்கும், வந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அதை எழுதிக் காட்ட ஒரு பேனாவும் அரை மணி நேரமும் போதும்.

காசு இல்லை, அதனால்தான் படம் இப்படி என்று மச்சான் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பேய்ப்படத்துக்குக் காசு குறைவாக இருப்பது ஒரு பலம். தெரிந்த நடிகர் இல்லாவிட்டால் யார் பிழைப்பார், யார் சாவார் என்று பார்க்கிறவனுக்குக் கடைசிவரை தெரியாது. ஒரே இடத்தில் கதை நடந்தால் வண்டி, ஜெனரேட்டர், பேட்டா எல்லாமே குறையும், லாட்ஜ் என்றால் படம் எடுக்கிற இடத்திலேயே யூனிட்டும் தூங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற படத்தை அதன் இயக்குநர் தன் சொந்த வீட்டில், ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1962-ல் ஸ்ரீதர் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை ஒரே ஒரு ஆஸ்பத்திரி செட்டுக்குள் ஒரு மாதத்துக்குள் முடித்தார். அது பேய்ப்படம் இல்லைதான், ஆனாலும் நாலு சுவருக்குள் மனிதர்களை வைத்து ஊரையே அழவைக்க முடியும் என்று நம் ஆட்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள்.

நான் வேலையில் இருந்தபோது எங்கள் லாட்ஜையும் ஒருமுறை படப்பிடிப்புக்குக் கேட்டு வந்தார்கள். முதலாளி முடியாது என்றார். பேய் இருக்கிற லாட்ஜ் என்று பேர் பரவினால் அப்புறம் யார் ரூம் எடுப்பார் என்று அவருக்குப் பயம். அந்தப் பயம் உலகம் முழுக்க ஒன்றுதான். ஹோட்டல் பேய்ப்படம் என்றாலே எல்லோரும் சொல்லும் 'தி ஷைனிங்' 1980-ல் வந்தது. அதன் மூல நாவலில் பேய் இருக்கும் அறை 217. படத்தில் ஹோட்டலின் வெளிப்புறமாகக் காட்டியது அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் இருக்கும் டிம்பர்லைன் லாட்ஜ். 217-ல் இனி யாரும் தங்க மாட்டார்கள் என்று அந்த லாட்ஜ்காரர்கள் சொன்னதால் படத்தில் 237 என்று மாற்றினார்கள். அந்த லாட்ஜில் 237 என்று அறையே கிடையாது. இன்றைக்கு அங்கே வருகிறவர்கள் அதிகமாகக் கேட்டு வாங்கும் அறை 217 தானாம். இதை அப்போதே எங்கள் முதலாளியிடம் சொல்லியிருக்கலாம், எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த நாவலை எழுதிய ஸ்டீபன் கிங் 1974-ல் கொலராடோவில் ஒரு மலை ஹோட்டலில் மனைவியோடு தங்கினார். குளிர்காலத்துக்காக மூடப்போகிற நேரம். அத்தனை பெரிய கட்டடத்தில் அவர்கள் இருவர் மட்டுமே விருந்தாளிகள். கதை அங்கேதான் பிறந்தது. படித்தபோது எனக்குச் சட்டென்று புரிந்தது, ஏனென்றால் எங்களுக்கு ஜூன் மாதம் அப்படித்தான் இருக்கும். பள்ளிக்கூடம் திறந்துவிடும், தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும், 24 அறையில் இரண்டு அறைக்கு ஆள் இருந்தால் அதிகம். ராத்திரி கரண்ட் போய்விட்டால் காது தானாகக் கூர்மையாகிவிடும். மரநாய் தகரத்தின் மேல் ஓடுவது கேட்கும். அணைத்த ஹீட்டர் ஆறும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம். மேல்மாடி பைப்பில் காற்று அடைத்தால் காலியான அறையில் யாரோ சுவரைத் தட்டுவது போலவே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் டார்ச் எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு ரூபாய் செலவில்லாமல் இதையெல்லாம் பதிவு செய்யலாம். நான் பார்த்த படத்தில் இரண்டு மணி நேரமும் பின்னணி இசை ஓயவே இல்லை. காதைப் பொத்தத்தான் தோன்றியது. பயப்பட வேண்டுமென்றால் முதலில் காது கொடுக்க வேண்டும். குழாயைத் திறந்தால் ரத்தம் கொட்டுகிற காட்சியில் தியேட்டரில் சிரித்தார்கள்.

இதைவிட மோசமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கேரளா என்றால் மாந்திரீகம் என்ற எண்ணம் தமிழ்ப் படக்காரர்களுக்கு எத்தனை வருடம் ஆனாலும் போகாது போலிருக்கிறது. இந்தப் படத்திலும் ஒரு மலையாள மந்திரவாதி வருகிறார், மஞ்சள் பொடியில் களம் போடுகிறார். போதாததற்கு, இடுக்கி ஹோட்டலின் காரிடாரில் ஒரு தெய்யம் நடந்து வருகிறது, அதுதான் பேயாம். தெய்யம் கண்ணூர், காசர்கோடு பக்கத்துக் காவுகளில், அதாவது கோயில் தோப்புகளில், தெய்வ வேடம் கட்டி ஆடுவது. எங்கள் மலையில் அது கிடையாது. தெய்யம் என்ற சொல்லிலேயே தெய்வம் இருக்கிறது. தங்கள் குறையைச் சொல்லி அழ ஜனங்கள் வரிசையில் நிற்கும் ஒரு தெய்வத்தைப் பேயாக நடக்க விட்டிருக்கிறார்கள். என் கூட வேலை பார்த்த கண்ணூர்க்காரர் ஒருவர் இதைப் பார்த்தால் எவ்வளவு வருத்தப்படுவார் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அந்த வெள்ளைக்காரப் பெண் பேய். மலை ஹோட்டல் என்றால் ஒரு துரையும் அவருடைய இறந்த மனைவியும் வந்தாக வேண்டும் என்று யார் விதி எழுதினார்களோ தெரியவில்லை. இந்த மலையை வெட்டித் தேயிலை நட்டவர்கள் கீழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த தமிழ் ஜனங்கள். 1956-ல் மாநிலம் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன, எங்கள் ஜனங்கள் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், அப்படியே நின்றார்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். கிட்டத்தட்ட எல்லோரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். நாலு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர்களை வைத்துப் பேய்ப்படம் எடு என்று நான் கேட்கவில்லை, எடுக்கவும் கூடாது. ஆனால் இந்த மண்ணில் செத்தவர்கள் என்று கதை எழுத உட்காரும்போது ஒரு துரைசாணி மட்டும்தான் நினைவுக்கு வருகிறாள் என்றால் எனக்கு வலிக்கிறது. அந்தப் படத்தில் ஒரு தமிழ்த் துப்புரவுப் பெண்ணும் வருகிறார். பேயைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடுவதற்காக.

பேயோடு எப்படிப் பழக வேண்டும் என்று காட்டிய படமும் இந்தப் பக்கத்தில்தான் வந்திருக்கிறது. 'நெஞ்சில் ஓர் ஆலய'த்துக்குக் கேமரா பிடித்த ஏ. வின்சென்ட் 1964-ல் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' இயக்கினார். அவர் இயக்கிய முதல் படம் அது. எழுதியது வைக்கம் முகமது பஷீர். ஒரு எழுத்தாளன் பாழடைந்த வீட்டுக்குக் குடிவருகிறான், அங்கே பார்கவி என்ற பெண்ணின் ஆவி இருக்கிறது என்று ஊரே பயப்படுகிறது. அவன் அவளோடு பேசுகிறான். அதே வீட்டில் இருக்கும் இன்னொருவரிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசுகிறான், அவளுக்கு என்ன நடந்தது என்று எழுத ஆரம்பிக்கிறான். இன்றைக்குப் பார்த்தாலும் முதுகில் சில்லென்று ஏறும். அந்த மரியாதைக்குப் பட்ஜெட் தேவையில்லை.

எங்கள் லாட்ஜில் அறை சுத்தம் செய்த அக்கா வண்டிப்பெரியாறு பக்கத்து லயத்தில் பிறந்தவர். எந்த அறையாக இருந்தாலும், அவரே பூட்டிச் சாவியை எடுத்துவந்த அறையாக இருந்தாலும், தட்டி மூன்று எண்ணும் நேரம் நின்றுவிட்டுத்தான் திறப்பார். முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஏன் அக்கா என்று கேட்டேன். "எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவங்க அப்படித்தான் செஞ்சாங்க தம்பி. வேற ஒருத்தர் படுத்து எந்திரிச்ச இடம்ல" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

விருதுநகர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் 2015-லிருந்து வருடா வருடம் ஜூனில் ஒரு நாள் வருவார். தனியாகத்தான் வருவார். ரிஜிஸ்டரில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் 2 என்று எழுதுவார். முதல் வருடம் நான், அம்மா பின்னால் வருகிறார்களா ஐயா என்று கேட்டுவிட்டேன். வருவா என்றார். எப்போதும் அதே அறைதான் வேண்டும், ஏரிப்பக்கம் மரங்கள் தெரியும் ஜன்னல். இரண்டு டீ சொல்வார். அக்கா இரண்டு துண்டு, இரண்டு டம்ளர் வைப்பார். காலையில் ஒரு துண்டு மடிப்புக் கலையாமல் இருக்கும். ஐந்து ஜூன் வந்தார். நாங்கள் யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. வந்த நோக்கம் என்ற கட்டத்தை ஒருமுறைகூட அவர் நிரப்பவில்லை, நானும் நிரப்பச் சொல்லவில்லை.

இளம் இயக்குநர் யாராவது இதைப் படித்தால், ஜூனில் குமுளிக்கு வாருங்கள். அறை வாடகை குறைவு, மழை தானாக வரும். ராத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவரிடமும் அறை சுத்தம் செய்பவரிடமும் ஒரு வாரம் பேசிவிட்டு எழுத ஆரம்பியுங்கள். பேச ஆட்களை நான் கூட்டிவருகிறேன்.

2020-ல் ஊரடங்கு வந்து செக்போஸ்ட்டை மூடினார்கள். எதிரே கண்ணுக்குத் தெரிகிற தமிழ்நாட்டுக்குப் போகவும் பாஸ் வேண்டும். லாட்ஜில் நானும் அக்காவும் வாட்ச்மேனும் மட்டும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஜன்னல்களைத் திறந்துவைப்போம், முறை வைத்து ஒவ்வொரு அறையாகக் குழாயை ஓடவிடுவோம். மூன்று மாதமாக ஆளே வராத அறைகள். அக்கா ஒவ்வொன்றையும் தட்டித்தான் திறந்தார். ஜூன் பிறந்து நல்ல மழை பிடித்த ஒரு நாள் அந்தப் பெரியவரின் அறைக்கு வந்தோம். அக்கா தட்டினார். வழக்கமான நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றார், காதைக் கதவுப் பக்கம் சாய்த்துக்கொண்டு. நானும் பேசாமல் நின்றேன். பிறகு சாவியைத் திருப்பினார். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்தேன். முதலில் துருவோடு சிவப்பாக வந்தது. தெளியும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.