ரேகை தேயவில்லை, உள்ளேதான் இருக்கிறது

குமரி மாவட்டத்தில் கருங்கல், புதுக்கடை, மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையில், வேலை பார்க்கிற அக்காமார் ரேஷன் கடையில் விரலை வைத்தால் பல நேரம் மெஷின் எடுப்பதில்லை. "ரேகை தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை.

ரேகையின் அச்சு மேல்தோலில் இல்லை. அதற்குக் கீழே உள்தோல் சிறு சிறு மேடுகளாக எழும்பி நிற்கிறது, அந்த மேடுகளின் வரிசைதான் வெளியே ரேகையாகத் தெரிகிறது. தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுவது அது. மேல்தோலின் அடிவரிசையில் பிறக்கிற செல்கள் மேலேறி, செத்து, உதிர ஏறக்குறைய 4 வாரம் ஆகும். உள்தோல்வரை வெந்து தழும்பு விழாதவரை, கைக்கு ஓய்வு கிடைத்தால் ரேகை திரும்ப வரும்.

அப்படியானால் மேலே மட்டும் ஏன் அழிகிறது? அண்டி ஓட்டின் எண்ணெயால். உள்ளங்கையின் மேல்தோல் சுமார் 1.5 மில்லிமீட்டர் வரை தடிப்பு, கண்ணிமையில் வெறும் 0.05. தடித்த தோல் தாங்கும் என்று நினைக்கிறோம். ஆனால் மேலே இருப்பது பனையோலைக் கூரைபோல அடுக்கிய செத்த செல்கள், இடுக்கெல்லாம் கொழுப்பு. தண்ணீரை அது தடுக்கும். எண்ணெயோ கொழுப்பில் கரைந்தே உள்ளே போகும். ஓட்டெண்ணெயில் இருக்கிற அனகார்டிக் அமிலமும் கார்டாலும் அப்படித்தான் இறங்கிப் புண்ணாக்குகின்றன. வறுத்த அண்டியில் எண்ணெய் ஓரளவு வெளியேறியிருக்கும். ஆவியில் அவித்ததில் பெரும்பகுதி ஓட்டிலேயே நிற்கும், உடைக்கும்போது கையில் தெறிக்கும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு சிறு துளியே போதும், ஒன்றிரண்டு நாளில் கை தடித்துக் கொப்பளிக்கும். சிலருக்கு மாங்காய்ப் பால் பட்டாலும் அதே கதைதான். மாமரமும் கொல்லாமா என்கிற முந்திரியும் சேங்கொட்டையும் ஒரே குடும்பம்.

இதைவிட வருத்தம் தருவது, கறை போக மண்ணெண்ணெயில் கை கழுவுவது. தயவுசெய்து விடுங்கள். எண்ணெயோடு தோலின் கொழுப்பையும் அது கரைத்துக் கொண்டு போகும். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, போனதை ஈடுகட்ட ஆளில்லை. வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதலில் காய்ந்த துணியால் துடையுங்கள். பிறகு காரம் குறைந்த சோப்பும் ஓடுகிற பச்சைத் தண்ணீரும். விரல் இடுக்குகளை ஒற்றியெடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

வேலைக்கு முன் தடவுகிற ஆமணக்கெண்ணெயும் சாம்பலும் கொஞ்சம் தாங்கும், கையுறைக்கு ஈடாகாது. ரப்பர் விளைகிற மாவட்டம்தான், ஆனாலும் இயற்கை ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறி உப்பிவிடும். இதற்கு வேண்டியது நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறை, உள்ளே மெல்லிய பருத்தி உறை. ஓட்டை விழுந்ததும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் உள்ளேயே அடைந்து இன்னும் மோசமாகும். இதை வாங்கித் தரவேண்டியது முதலாளிமார். கூலியில் பிடிக்கிற செலவல்ல இது.

ரேஷன் கடைக்குப் போகும் முந்தின ராத்திரி விரலுக்கு எண்ணெய் தடவி, காலையில் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். வறண்ட விரலும் எண்ணெய் விரலும் இரண்டுமே பதியாது. அப்படியும் எடுக்கவில்லையென்றால் கருவிழியை வைத்துப் பதியச் சொல்லிக் கேளுங்கள், ஆதாரில் அதுவும் இருக்கிறது.